எழுதாத உயில்

அப்பா இறந்து மூன்றாவது மாதம் வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்தது. அதில் நான்கு பெயர்கள் இருந்தன: அம்மா, அக்கா, அண்ணன், நான். திருமணமானதும் ரேஷன் அட்டையிலிருந்து நீக்கப்பட்ட அக்காவின் பெயரும் என் பெயரும் அந்த வீட்டுக் காகிதம் ஒன்றில் மறுபடி ஏறியது அன்றுதான். அடுத்த வாரமே அவற்றை எடுத்துவிடுவதற்கான பத்திரம் தயாராகிவிட்டது.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரையின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் அதைப் படித்துக் காட்டினார். படித்தார் என்பதைவிட ஓதினார் என்று சொல்ல வேண்டும். மூச்சு விடாமல் ஓதி முடித்து, "தங்கச்சி, இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று விரலால் இடத்தைக் காட்டினார். அக்கா போட்டார். அம்மா இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். நானும் போட்டேன். அது 2011. கல்லூரியில் தமிழிலக்கியம் நடத்துகிறவள் நான். அந்தப் பருவத்தில் முதுகலை மாணவிகளுக்குப் பெண்ணிய வாசிப்பு பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுகதையில் அடிக்குறிப்பைக்கூட விடாமல் கேள்வி கேட்கிற நான், என் கையெழுத்து விழுந்த அந்த நான்கு பக்கங்களைப் படிக்கவில்லை.

இந்தக் கட்டுரை, தாமதமாக நான் செய்யும் அந்த வாசிப்பு.

1

சொத்துத் திட்டமிடல் பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள். நிதி ஆலோசகர்கள் அதை 'எஸ்டேட் பிளானிங்' என்கிறார்கள். எஸ்டேட் என்றால் நமக்கு வால்பாறையும் தேயிலையும்தான் நினைவுக்கு வரும். ஆயிரத்து இருநூறு சதுர அடியில் ஒரு வீடு, ஐந்து பவுன் நகை, ஓர் ஆயுள் காப்பீடு, அஞ்சலகத்தில் ஒரு வைப்புத்தொகை, மகளிர் குழுவில் ஒரு கடன் என்று இருக்கிறவர்களுக்கு எதற்கு எஸ்டேட் என்று தோன்றும். அந்த எண்ணத்தை மாற்றத்தான் ஆலோசனைக் கட்டுரைகள் முயல்கின்றன. சாதாரணக் குடும்பத்துக்கும் உயில் வேண்டும், எழுதாமல் இறந்தால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும், கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும் என்கின்றன. அது உண்மைதான்.

ஆனால் அந்தக் கட்டுரைகள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்று கவனியுங்கள். பெரும்பாலும் "உங்களுக்குப் பின் உங்கள் மனைவி, குழந்தைகள்" என்றே அவை தொடங்கும். சொத்து வைத்திருப்பவர் ஆண், காப்பாற்றப்பட வேண்டியவள் பெண் என்பது அங்கே பேசாமலே ஏற்கப்பட்டுவிடுகிறது. எங்கள் வீட்டு மனைப் பத்திரமும் அப்பா பெயரில்தான் இருந்தது. அவர் பஸ் கண்டக்டர். சம்பளத்தில் மனை வாங்கினார். மேல்தளம் போட்ட பணம் அம்மா இரண்டு மாடு வைத்துப் பதினோரு வருடம் பால் ஊற்றிச் சேர்த்தது. பத்திரத்தில் பாலுக்கு இடமில்லை.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். சண்டை. உயில் எழுதாவிட்டால் சண்டை வரும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் உயில் இல்லை, சண்டையும் வரவில்லை. காரணம், எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. யாரும் எழுதவில்லை என்றாலும் எல்லோருக்கும் மனப்பாடம். பெண்களுக்குக் கல்யாணத்தின்போது சீர் செய்தாயிற்று, வீடு பையனுக்கு, அம்மா பையனோடு இருப்பார். பெண்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, தீபாவளிச் சீரை வாங்கிக்கொண்டு போவார்கள். தமிழ்நாட்டின் சாதாரணக் குடும்பங்களுக்குச் சொத்துத் திட்டமிடல் தெரியாது என்று யார் சொன்னது? தலைமுறை தலைமுறையாக அதைத்தான் கச்சிதமாகச் செய்துவருகிறோம். சண்டை வராததற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

நான் ஏன் கையெழுத்துப் போட்டேன்? சட்டம் தெரியாமல் இல்லை. அப்பா சுயமாக வாங்கிய சொத்து. உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி மனைவி, மகன், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. அவருடைய தாய் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஆக எங்கள் நால்வருக்கும் தலா கால் பங்கு. இது தெரிந்தும் போட்டேன். என் மகளின் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டும் என்று போட்டேன். பங்கு கேட்ட அத்தை ஒருவர் முப்பது வருடம் பிறந்த வீட்டு வாசலை மிதிக்காமலே செத்ததைப் பார்த்திருந்தேன். பிறந்த வீடு என்பது நமக்குச் சுவரும் கூரையும் மட்டும் இல்லை. போக ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பு அது. அந்த நினைப்பைக் காப்பாற்றிக்கொள்ள அந்த வீட்டையே எழுதிக் கொடுக்கிறோம்.

2

இனி அந்தப் பத்திரத்துக்கு வருவோம். அதன் பெயர் விடுதலைப் பத்திரம். யார் யாரை விடுதலை செய்கிறார்கள்? சொத்திலிருந்து மகள்கள் தங்கள் பாத்தியதையை விட்டுவிடுகிறார்கள். இனி அந்தச் சொத்தில் தங்களுக்கோ தங்கள் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பெண் விடுதலையைப் பற்றி மேடையில் பேசும்போது நமக்குப் பூரிக்கிற அதே சொல், பதிவு அலுவலகத்தில் பெண்ணின் பங்கு கைமாறுவதற்குப் பெயராக இருக்கிறது.

காரணமாக அதில் சொல்லப்படுவது அன்பும் அபிமானமும். அண்ணன்மீது தங்கைக்கு உள்ள அன்பு. தங்கைமீது உள்ள அன்பால் அண்ணன் விடுதலை எழுதிக் கொடுத்த பத்திரம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று அதன்பின் பல பத்திர எழுத்தர்களிடம் கேட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், தன் முப்பது வருடத் தொழிலில் இரண்டு எழுதியிருப்பதாகச் சொன்னார்.

ஆண்கள் எழுதும் உயில்களின் மொழியும் இதற்குச் சளைத்ததில்லை. மனைவி தன் ஆயுள்காலம் வரை எவ்வித வில்லங்கத்துக்கும் உட்படுத்தாமல் அனுபவித்துவர வேண்டியது. அவளுக்குப் பின் மகன்கள் தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இந்த வாய்பாட்டில் இருவருக்கும் தரப்பட்டிருக்கும் வினைகளைப் பாருங்கள். மனைவி அனுபவிப்பாள். மகன் ஆள்வான், விற்பான், தானம் கொடுப்பான். புத்திரன் மகன், பௌத்திரன் மகன்வழிப் பேரன். மகளையும் மகள்வழிப் பேத்தியையும் குறிக்க அந்த நீண்ட வரியில் ஒரு சொல்லும் கிடையாது. பெண்ணுக்கே கிரயம் செய்துகொடுக்கும் பத்திரத்திலும் இதே வாய்பாடு வரும். வாங்குகிறவள் பெண், அனுபவிக்கப்போவது புத்திர பௌத்திரர்கள்.

இது வெறும் பழைய மொழி, அதற்கு அர்த்தமில்லை என்று சட்டம் படித்த நண்பர் ஒருவர் சொன்னார். மொழிக்கு நினைவு உண்டு. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுள்காலத்துக்கு மட்டும் உரிமை கொடுத்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(1) பிரிவு அதை முழு உரிமையாக்கியது. ஜீவனாம்சத்துக்கு ஈடாக விதவைக்குக் கொடுத்த சொத்தில், ஆயுள்வரைதான் என்று எழுதியிருந்தாலும், அவளுக்கு முழு உரிமை உண்டு என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 14(2) பிரிவைக் காட்டி, உயிலில் கட்டுப்பாடு போட்டுக் கொடுத்தது கட்டுப்பாடாகவே நிற்கும் என்ற வாதம் இன்றும் வழக்குக்கு வழக்கு எழுகிறது. சட்டம் கழற்றிவிட்ட விலங்கை உயில் எழுதுகிறவரின் பேனா மறுபடி பூட்ட முயல்கிறது. 'ஆயுள்காலம் வரை' என்ற இரண்டு சொற்களுக்கு அவ்வளவு வலிமை.

3

சட்டத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், மாணவிகளுக்காக. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சரியாக அறுபது ஆண்டு கழித்து, 1989-இல் தமிழ்நாடு மகள்களைப் பூர்விகச் சொத்தில் பங்காளியாக்கியது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. என் அக்காவுக்கு 1987-இல் கல்யாணம், எனக்கு 1992-இல். தாத்தாவின் மூன்று மா நிலத்தைப் பொறுத்தவரை ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத்திருத்தம்தான் இந்த வேறுபாட்டை நீக்கியது. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி ஆண்கள் கேட்கும்வரை பெண்கள் கேட்கக் கூடாது என்றிருந்த 23-ஆம் பிரிவும் அப்போதுதான் போனது. அந்தத் திருத்தத்தின்போது தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் தீர்ந்தது. மகள் பிறப்பாலேயே பங்காளி, தகப்பன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ முடிந்துபோன பாகப்பிரிவினைகளை மட்டும் கிளற முடியாது.

இவ்வளவும் பெண் எப்படிச் சொத்து பெறுகிறாள் என்பது பற்றியது. பெண்ணின் சொத்து அவளுக்குப் பின் எங்கே போகிறது என்பதை நாம் பேசுவதே இல்லை. உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணின் சொத்துக்கு அவன் மனைவி, மக்கள், தாய் முதல் வாரிசுகள். பெண் இறந்தால் 15-ஆம் பிரிவு. முதலில் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். அவர்களும் இல்லையென்றால்தான் அவளைப் பெற்றவர்கள். பெற்றோரிடமிருந்து வந்த சொத்தாக இருந்து, பிள்ளைகளும் இல்லையென்றால், அது தகப்பன் வழிக்குத் திரும்பும் என்று ஒரு விலக்கு உண்டு. அவள் சம்பாதித்ததற்கு அந்த விலக்கும் கிடையாது.

இதன் பொருள் என்ன என்பதை 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கு காட்டியது. 1955-இல் கல்யாணமான ஒரு பெண். மூன்றே மாதத்தில் கணவன் இறந்துபோனான். புகுந்த வீட்டார் அவளை வெளியேற்றிவிட்டார்கள். பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய், நாற்பது வருடம் தன் காலில் நின்றாள். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தாள். வங்கிப் பணமும் வருங்கால வைப்பு நிதியும் யாருக்கு? படிக்கவைத்த பிறந்த வீட்டுக்கு இல்லை என்றது தீர்ப்பு. இறந்துபோன கணவனுடைய சகோதரியின் மகன்களுக்குப் போனது. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்பதுதான் நீதிமன்றத்தின் நிலை. இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டே, 2008-இல், சட்ட ஆணையம் தன் 207-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது.

அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும். இந்த வழக்கே இல்லை.

சாதாரணக் குடும்பத்துக்கு உயில் ஏன் முக்கியம் என்று கேட்டால் என் பதில் இதுதான். எழுதாமல் விட்டால் சொத்து நடுத்தெருவில் நிற்பதில்லை. வேறு யாரோ உங்களுக்காக எழுதிவைத்த உயில் நடைமுறைக்கு வருகிறது. ஆணுக்கு அதை எழுதியது சட்டமும் வழக்கமும். பெண்ணுக்கு அதை எழுதியது அவள் கழுத்தில் ஏறிய தாலி. மணமாகாமல் வாழ்கிறவள், கணவனைப் பிரிந்து விவாகரத்து வாங்காமல் இருக்கிறவள், சட்டம் மனைவி என்று ஒப்பாத உறவில் இருப்பவள், தோழியோடு வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்டவள், திருநங்கையருக்குத் தாயாக இருப்பவள் இவர்களுக்கெல்லாம், தாங்கள் நேசிப்பவர் கையில் ஒரு குண்டுமணித் தங்கம் சேர வேண்டுமென்றாலும் எழுதினால்தான் உண்டு. வங்கியில் வாரிசு நியமனம் செய்துவிட்டோமே என்று இருக்கக் கூடாது. நியமனதாரர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது.

4

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். உயில் எழுதும் சுதந்திரத்தைப் பெண்ணியம் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது. மகளைச் சட்டம் பங்காளியாக்கிய பிறகு, அவளை வெளியே தள்ள ஆண்களுக்கு மிச்சமிருக்கிற வழி அந்த உயில்தான். தான் சம்பாதித்ததை முழுக்கவும், பூர்விகத்தில் தன் பங்கையும் ஓர் இந்து ஆண் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது கிறித்தவர்களுக்கான 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மேரி ராய் போராடி, 1986-இல் திருவிதாங்கூர்க் கிறித்தவப் பெண்களுக்கும் அதைப் பெற்றுத் தந்தார். ஆனால் உயில் இல்லாதபோதுதான் அந்தச் சமத்துவம். முஸ்லிம் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் பாதிதான் என்றாலும், மற்ற வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மகளின் பங்கைத் தகப்பனின் பேனா முழுதாக அழித்துவிட முடியாது என்ற பாதுகாப்பு அங்கே இருக்கிறது. எந்தச் சட்டம் முற்போக்கு என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே எழுது என்று மட்டும் சொன்னால் போதாது. யார் எழுதுகிறார்கள், எப்போது பேசுகிறார்கள் என்பதும் கேள்வி. அப்பா இருக்கும்போதே கூடத்தில் உட்கார்ந்து, "வீட்டை எப்படிச் செய்யப்போறீங்க?" என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். சாவைப் பேசுவது அபசகுனம் என்று தடுத்தார்கள். அந்த அபசகுனம் யாருக்கு லாபமாக முடிந்தது என்று பார்த்தால் அதன் தன்மை புரியும்.

எங்கள் பத்திரத்தில் நான் கவனிக்காமல் விட்ட மிகப் பெரிய விஷயம் அக்காவின் பங்கோ என் பங்கோ அல்ல. அம்மாவின் பங்கு. மகள்கள் இருவரும் விட்டுக்கொடுத்தோம் என்றால் எங்களுக்குப் போக வேறு வீடு இருந்தது. அம்மா தான் குடியிருந்த வீட்டில் தனக்கிருந்த கால் பங்கையும் எழுதிக் கொடுத்தார். உயில் என்றால் உயிரோடிருக்கும்வரை மாற்றலாம். விடுதலைப் பத்திரமும் தான செட்டில்மென்டும் பதிவான அன்றே உரிமை போய்விடும். ஆயுள்வரை இந்த வீட்டில் வசிக்கும் உரிமை எனக்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுதிச் செட்டில்மென்ட் செய்திருந்தால், தவறும்போது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். எதுவும் எழுதவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. மகன் படிப்புக்கும் வியாபாரக் கடனுக்கும் 2018-இல் வீட்டை விற்றார். விற்கும்போது அம்மாவைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து அம்மா ஒரு பையோடு மூன்று வீட்டுக்கும் மாறி மாறிப் போகிறார். எந்த வீட்டிலும் அடுப்பை அவர் தன் இஷ்டத்துக்குப் பற்றவைப்பதில்லை.

5

2021-இல் அம்மா உயில் எழுதினார். என்னிடம் எழுதச் சொல்லவில்லை. பயன்பெறப்போகிறவர் கையால் எழுதினால் பின்னால் சந்தேகம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர் எழுதினார். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். அம்மா கைநாட்டு வைப்பதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். இருவரும் அம்மாவைவிட வயதில் மிகவும் சிறியவர்கள். ஒருநாள் கோர்ட்டில் வந்து சொல்ல சாட்சி இருக்க வேண்டுமல்லவா? பதிவு கட்டாயமில்லை என்றாலும், யாரும் பொய் என்று சொல்லிவிடக் கூடாதென்று ஆட்டோ பிடித்துப் போய்ப் பதிவும் செய்தார்.

பிறகு எனக்குக் காட்டினார். நான்கு பவுன் சங்கிலி அக்காவுக்கு. தோடு என் மகளுக்கு. பித்தளை அண்டா டீச்சர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு. வீடு விற்றபோது அண்ணன் அஞ்சலகத்தில் போட்டுக் கொடுத்த ஒரு லட்சம் அண்ணனுக்கே.

எனக்குப் பொறுக்கவில்லை. "வீட்டையே குடுத்தாச்சு, இதையும் ஏம்மா அவருக்கு?" என்றேன்.

"அவன் கடனோட இருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது உங்கப்பா வீடு. நீங்கள்லாம் சொன்னீங்க, வச்சேன். இது என் காசு. நான் சொல்றேன்" என்றார்.

விமரிசகியாக அந்த உயிலில் எனக்குக் குறை தெரிகிறது. மகனுக்கே மறுபடி போகிறது பணம். ஆனால் 2011-இல் அம்மா வைத்த கைநாட்டுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் எந்தப் பிரதியிலும் கண்டதில்லை. அன்று அவருக்கு யாரும் படித்துப் பொருள் சொல்லவில்லை. இன்று ஒவ்வொரு வரியும் அவர் வாயிலிருந்து வந்தது. அதில் தானாதி விநிமயம் இல்லை, புத்திர பௌத்திரரும் இல்லை. அண்டாவை வாங்கப்போகிற பெண்ணின் பெயர் இருக்கிறது.

நான் என் உயிலை இந்த ஆண்டு எழுதினேன். மகளையும் மகனையும் கணவரையும் எதிரே உட்காரவைத்துப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்திட்டேன். பெண்கள் எழுதும் பத்திரம் 'இன்னாரின் மனைவி' என்று தொடங்குவது வழக்கம். அம்மாவின் உயிலும் அப்படித்தான் தொடங்கியிருந்தது. ஆனால் அதற்கு அடுத்து டீச்சரின் உருண்டைக் கையெழுத்தில் இன்னொரு பெயரும் இருந்தது. யார் என்று கேட்டேன்.

"எங்கம்மா" என்றார். "போடக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

அப்படி ஒரு சட்டம் இல்லை.